பட்டறைக் கேள்வி-பதில்: ஒட்டுவதா, உருக்கிச் சேர்ப்பதா?

கேள்வி: கார்பன் இழையும் பிபிஎஸ் பிசினும் (சூட்டில் உருகும் ஒருவகை பிளாஸ்டிக்) சேர்ந்த தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து எபோக்சியால் ஒட்டினோம். இழுத்ததும் தாள்போல் உரிந்து வந்துவிட்டது. பசை மட்டமா? – வாசகர், பிறை

பதில்: பிரிந்த முகங்களைப் பாருங்கள். பசை முழுதும் ஒரு பக்கத்திலேயே தங்கி, மறுபக்கம் சுத்தமாக இருந்தால் பழி பசைமேல் இல்லை. பிபிஎஸ்மேல் எபோக்சி படர்ந்து பிடிப்பதில்லை. தகடு செய்த அச்சில் தடவிய மெழுகும் மிச்சமிருந்தால் கேட்கவே வேண்டாம். உப்புத்தாள் சொரசொரப்பைத் தரும், அவ்வளவுதான். பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டினால் பிடிக்கும். அதன் பலன் நாள்பட மங்கும், காட்டிய கையோடு ஒட்டிவிட வேண்டும். உருகும் பிசினை வாங்கிவிட்டுப் பசை தேடுவானேன்? உருக்கியே சேர்க்கலாம்.

கேள்வி: அதே வகைத் தகடுகளுக்கு நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை வைத்து மின்சாரம் பாய்ச்சி, அந்தச் சூட்டில் உருக்கிச் சேர்க்கப் பார்த்தோம். ஓரம் கருகுகிறது, நடுவில் ஒட்டவில்லை, தகடும் உப்பிவிட்டது. – வாசகர், செந்தூல்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

தகட்டுக்குள் இருக்கும் வலையின் சூட்டைத் தகடு வாங்கிக்கொள்ளும். வெளியே நீட்டிய வலைக்கு அந்த வழி இல்லை, அதனால் பழுத்துவிடுகிறது. வலைக்கு மின்சாரம் கொடுக்கும் செம்பு முனைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடைவெளி 1 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

நடுவில் ஒட்டாததற்கு மின்கசிவைச் சந்தேகிக்கிறேன். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். வலை அதைத் தொட்டால் மின்சாரம் தகட்டின் வழியே ஓடிவிடும். அழுத்தம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வலையின் மின்தடையை அளந்து பாருங்கள், குறைந்தால் கசிவுதான். வலைக்கு மேலும் கீழும் பிபிஎஸ் ஊறிய, மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைத் துணி ஓர் அடுக்கு வையுங்கள். (ஏர்பஸ் ஏ380 இறக்கையின் முன்விளிம்பும் இந்த முறையில் இணைத்ததுதான்; அது கண்ணாடி இழை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.) அடியில் இரும்புக் கட்டை இருந்தால் சூட்டை உறிஞ்சும், வெப்பம் கடத்தாத கட்டைக்கு மாற்றுங்கள். சதுர செ.மீ.க்கு 8 வாட்டில் தொடங்கலாம், 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீள இணைப்புக்கு 200 வாட்.

உப்பலுக்குக் காரணம் அவசரம். தகட்டுக்குள் இழைகள் அமுக்கிவைத்த ஸ்பிரிங் மாதிரி. பிசின் உருகியதும் விரியப் பார்க்கும். பிபிஎஸ் உருகுவது 280 டிகிரி செல்சியஸ் வாக்கில், விறைப்பது 90-க்குக் கீழே. மின்சாரத்தை நிறுத்திய பிறகும், இணைப்பில் வைத்த தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) 90-க்குக் கீழே காட்டும்வரை 8 முதல் 10 பார் அழுத்தத்தை எடுக்காதீர்கள். நைலான் தகடாக இருந்தால் நம் ஊர் ஈரக்காற்றே பாதி உப்பலைத் தந்துவிடும். 80 டிகிரியில் வெற்றிட அடுப்பில் காயவைத்த பிறகே தொடுங்கள். பிபிஎஸ் அவ்வளவு ஈரம் குடிக்காது.

கேள்வி: இதெல்லாம் வேண்டாம் என்று அலுமினிய ரிவெட் அடித்தால்? – வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். உங்கள் ஊரோ கடலோரம். டைட்டேனியம் ரிவெட் வாங்குங்கள். துளையிடும்போது பின்பக்கம் மரப்பலகையை இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கடைசி அடுக்கு பிளந்துகொள்ளும்.