போட்டி கம்பெனியைக் கலாய்த்து அழகு கிரீம் விளம்பரம் எடுக்க நல்ல நகைச்சுவை ஐடியா இருந்தால் சொல்லுங்களேன்?

நீங்களும் என்னைப்போல வீட்டில் சோப்போ கிரீமோ போட்டு விற்கிறவர், விளம்பரத்துக்கென்று கையில் ஒரு போன் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன். பெரிய கம்பெனி ஆள் என்றால் தாண்டிப் போய்விடுங்கள், உங்களுக்கு வக்கீல் இருப்பார்.

கோபி பக்கம் குப்பைமேனி சோப்பு போட்டு விற்கிறேன். எங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று ஒரு கிரீம் சக்கைப்போடு போட்டது. வயிற்றெரிச்சலில் ஒரு ரீல்ஸ் எடுத்தேன். என் கொழுந்தனார்தான் ஹீரோ. ராத்திரி ராத்திரி கிரீமை அப்பிக்கொண்டு படுப்பார். ஏழாம் நாள் கண்ணாடி பார்த்தால் முகம் அப்படியே இருக்கும், தலையணை உறை மட்டும் பளீரென்று வெளுத்திருக்கும். டப்பாவின் பெயரை மறைத்தேன், நிறத்தை மறைக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் ஒரு ரீல்ஸ் போட்டார். மடியில் ஒரு வெள்ளைத் தலையணை. "பஞ்சுத் தலகாணியே ஏழு நாள்ல வெளுக்குதுங்க, உங்க முகம் வெளுக்காதுங்களா?" அவ்வளவுதான். எனக்கு வந்த ஆர்டர் மூன்று. "அக்கா, அந்த கிரீம் என்ன விலைங்க?" என்று என்னிடமே கேட்டவர்கள் இருபதுக்கு மேல்.

உடனே 'கெட்ட விளம்பரமும் விளம்பரம்தான்' என்று பாடம் எடுக்க வராதீர்கள், விளம்பரம் அவருக்குத்தான் ஆயிற்று. சிவப்பழகு கிரீம் போடுகிறவர்களை நான் கேவலமாகவும் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நானும் பூசியவள்தான்.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2010-இல் மும்பையில் பான்டீன்காரர்கள் பெயரே சொல்லாமல் 'மர்ம ஷாம்பு' என்று பேனர் வைத்தார்கள். அவர்கள் பெயரை வெளியிடுவதற்குள் 'இதில் மர்மம் ஒன்றுமில்லை, டவ்தான் நம்பர் 1' என்று டவ் பேனர் எழும்பிவிட்டது. செலவு இவர்களுடையது, சிரிப்பு அவர்களுடையது. 2021-இல் செபாமெட் சோப்பு கம்பெனி, லக்ஸ் சோப்பின் பிஹெச் அளவும் (அதாவது காரத்தன்மை) துணி துவைக்கிற ரின்னின் அளவும் ஒன்றுதான் என்று விளம்பரம் போட்டது. எனக்குப் பிடித்த குசும்பு அது. ஆனால் வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போய், விளம்பரத்திலிருந்து ரின்னை எடுக்க வேண்டியதாயிற்று. நம் சரக்கு உசத்தி என்று பொதுவாகப் பெருமை பேசிக்கொள்ளலாம். அடுத்தவர் சரக்கை மட்டம் தட்டினால்தான் வம்பு.

இதில் சொந்தக்காரர்கள் வேறு. 70 ரூபாய் சோப்பை "உன் சோப்புதானே கண்ணு, ரெண்டு குடு" என்று சும்மா வாங்கிப் போவார்கள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் பார்த்தால் துபாய் சோப்பு இருக்கும்.

ஐடியாதானே கேட்டீர்கள்? கடலூர் ரங்கநாதன் செய்ததைப் பாருங்கள். 1983-இல் 15,000 ரூபாயில் தனியாகத் தொழில் தொடங்கியவர். அண்ணன் தம்பிகளிடம் வெல்வெட் ஷாம்பு, இவரிடம் சிக் ஷாம்பு. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆள் பழகியதும், சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார்.

நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். எந்தக் கம்பெனியின் காலி டியூப், உறை கொண்டுவந்தாலும் பத்து ரூபாய் குறைப்பு. முதல் நாளே ஏழுநாள் கிரீமின் காலி டப்பா இரண்டு வந்தது. கொண்டுவந்தவர், என் கொழுந்தனார்.