அம்பைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள், ஒட்டி நீட்ட முடியுமா?

படிவம் இரண்டு படிக்கும் மகனுக்கு ஒரு டஜன் கார்பன் அம்பு வாங்கினீர்கள், கடையில் 26 அங்குலத்துக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், இப்போது அவன் முழுசாக இழுத்தால் முனை ரெஸ்டுக்கே (வில்லில் அம்பு தாங்கி நிற்கும் இடம்) வந்துவிடுகிறது, உள்ளே அலுமினியக் குழாய் வைத்து எபாக்ஸியில் ஒட்டி ஒன்றரை அங்குலம் நீட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்பன் அம்பை ஒட்டி நீட்டக் கூடாது. இதைப் படித்ததும் அந்தப் பன்னிரண்டையும் அவன் அம்பறாத்தூணியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துத் திடலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வில் பழக்குகிறேன். என் அக்கா மகளுக்கும் இதேதான் நடந்தது. அவள் நாண் இழுக்கும் நீளத்தை நாங்கள் சொன்னோம், கடையில் அதையே அம்பின் நீளமாக எடுத்துக்கொண்டு, அதுவும் முனையைச் சேர்த்து அளந்து வெட்டிவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவள் முழுசாக இழுக்கப் பழகவில்லை. பள்ளி விடுமுறை முடிந்து வந்தபோது தோள் நன்றாகத் திறந்து இழுத்தாள், முனை ரெஸ்டிலிருந்து நழுவி உள்பக்கம் விழுந்து, வில் பிடித்த கையின் கட்டைவிரல் மேலேயே உட்கார்ந்துவிட்டது. "விடாதம்மா, அப்படியே மெதுவா இறக்கு" என்று சொன்னேன், இறக்கிவிட்டாள். அது 24 பவுண்டு வில், கிட்டத்தட்ட 11 கிலோ இழுவை. விட்டிருந்தால் அம்பு அவள் கைக்குள்தான் போயிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் அம்பையும் மாதம் ஒருமுறை நானே அளந்து பார்க்கிறேன்.

குழாய் வைத்து ஒட்டும் யோசனை உங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் வரும். செம்பனை மரம் உயர உயர, குலை வெட்டுகிற அலுமினியக் கம்போடு இன்னொரு கம்பைச் சேர்த்து நீட்டிக்கொண்டே போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம், அது தாங்குகிறது, அதனால் அம்பும் தாங்கும் என்று தோன்றுகிறது. ஆனால் கம்பைக் கையால் இழுக்கிறோம், இணைப்பு ஆடினால் கைக்குத் தெரியும், நிறுத்தி இறுக்கலாம். அம்பை நாண் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பின்னாலிருந்து தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் அம்பு நேராகப் போவதில்லை, பாம்பு மாதிரி வளைந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டும். நீங்கள் உள்ளே வைக்கும் குழாய் எங்கே முடிகிறதோ அங்கே விறைப்பு சட்டென்று மாறும், வளைவு முழுக்க அந்த விளிம்பில் போய் நிற்கும். கார்பனில் இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் விரிசலும் நீளவாக்கில் உள்ளேயே ஓடும், வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், பத்தாவது எய்தலிலோ ஐம்பதாவதிலோ உடையும். உடைந்தால் ஊசி ஊசியாகப் பிளந்து உள்ளங்கையில் ஏறும், அந்தச் சிம்புகளை எடுக்க அறுவை செய்ய வேண்டியிருக்கும்.

ரெஸ்டைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லியும் யாராவது சொல்வார்கள். அப்போது முனை கைக்கு மேலேயே வந்து நிற்கும், பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிற முனையோ அவுட்செர்ட்டோ (தண்டின் நுனிக்கு வெளியே மாட்டும் உலோக உறை) போட்டால் அரை அங்குலம்வரை கிடைக்கலாம், ஆனால் தண்டைவிடத் தடித்த அந்தப் பகுதி இழுக்கும்போது ரெஸ்டில் ஏறி இறங்கும். உங்களுக்குக் குறைவதோ ஒன்றரை அங்குலம்.

இன்னொன்று, இது உங்கள் மகனுக்குப் பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அம்பு ரெஸ்டைத் தாண்டி ஒரு அங்குலமாவது நிற்கிறது, ஆனால் வெட்டிய பிறகு எல்லாம் இடதுபக்கமே போகிறது என்றால் (வலக்கையால் நாண் இழுப்பவர்களுக்கு), அங்கே பிரச்சினை நீளம் இல்லை, விறைப்பு. தண்டைக் குறைத்தால் அம்பு விறைப்பாகிவிடும். 80 கிரெய்ன் (முனையின் எடையைச் சொல்லும் அளவு) முனையைக் கழற்றி 100 அல்லது 120 கிரெய்ன் முனை போட்டுப் பாருங்கள், முன்பாரம் கூடினால் அம்பு கொஞ்சம் இளகி வளையும், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். தண்டில் இருக்கும் எண் இந்த விறைப்பைத்தான் சொல்கிறது: 500 என்று அச்சடித்த தண்டு என்றால், 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைகிறது என்று அர்த்தம். எண் சிறிதானால் விறைப்பு அதிகம்.

நிஜமாகவே நீட்டக்கூடியது மர அம்பு ஒன்றுதான், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். முன்பக்கத்தில் வேறு கடின மரத்தைப் பிணைத்து அடிபோடுவது பழைய முறை, குட்டையானதை நீட்டவும், முனைக்குப் பின்னால் அடிக்கடி முறிகிற இடத்தைப் பலப்படுத்தவும் செய்வார்கள். இரண்டு துண்டையும் தலைக்குத் தலை வைத்து ஒட்டினால் நிற்காது, மரத்தின் வெட்டுமுகத்தில் பசை பிடிக்காது. எட்டு அங்குல நீளத்தில் மெர்பாவ் என்ற சிவந்த கடின மரத்தில் ஒரு சட்டத்தை எடுத்து (கதவு செய்கிற ஆசாரியிடம் கேட்டால் கழிவுத் துண்டு கொடுப்பார்), அதன் நடுவில் நீளவாக்கில் ஐந்தரை அங்குலத்துக்கு மெல்லிய ரம்பத்தால் ஒரு பிளவு போடுங்கள். அம்புத் தண்டின் முன்பக்கத்தை அதே நீளத்துக்கு இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்குங்கள், எபாக்ஸி பூசி மெதுவாகப் பிளவுக்குள் இறக்குங்கள். அவசரப்பட்டுத் தட்டினால் பிளவின் அடியில் சட்டம் கிழிந்துவிடும், எனக்கு முதல் மூன்று அப்படித்தான் போயின, பிறகு பிளவு முடியும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு இறக்கப் பழகினேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி அதை மேலே இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், அதற்கு ஈடான பிடிகருவி நான் பார்த்ததில்லை. ஒரு ராத்திரி விடுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு ராத்திரி. அப்புறம் சதுரத்தை எண்கோணமாகவும் பின்பு உருண்டையாகவும் இழைத்து, தண்டின் தடிமனுக்கே கொண்டுவாருங்கள். 11/32 தண்டு என்றால் 8.7 மில்லிமீட்டர். கடைசியில் முனை மாட்ட 5 டிகிரிச் சரிவு. வெளிர் மரமும் சிவந்த மரமும் நாக்கு நாக்காகக் கோர்த்து நிற்பதைப் பார்க்கும்போது கடையில் வாங்கிய எந்த அம்பும் அந்த அழகுக்கு வராது. முன்பாரம் கூடும், நீளமும் கூடும், இரண்டும் அம்பை இளக்கும், அதனால் கொஞ்சம் விறைப்பான தண்டில்தான் இதைச் செய்ய வேண்டும். பன்னிரண்டு அம்பு என்றால் பன்னிரண்டுக்கும் செய்யுங்கள், போட்டியில் ஒரு சுற்றில் எய்கிற அம்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு அடுத்த டஜன் வாங்கும்போது இழுக்கும் நீளத்தின் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வெட்டாத நீள அம்பு ஒன்றை மாட்டி அவனை முழுசாக இழுக்கச் சொல்லுங்கள், விடாமல் அப்படியே பிடித்திருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று (முன்னால் நிற்காதீர்கள்) ரெஸ்டுக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள், நாணிலிருந்து தூரமாக வந்த கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வளர்கிற பையனுக்கு இரண்டரை அங்குலம் விடுங்கள். அம்பின் பின்நுனியில் (nock) நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம்வரைதான் அம்பின் நீளம், முனை கணக்கில் வராது. இதைத் தாளில் எழுதி, படம் வரைந்து கடையில் கொடுங்கள்.

வெட்டிய பன்னிரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5 ஆல் வகுத்தால் இழுக்கும் நீளம் ஏறக்குறைய வரும். 26 அங்குல அம்புக்கு 150 சென்டிமீட்டர் கை விரிவுள்ள பிள்ளை தோதாக இருக்கும், அதாவது ஐந்தாம் ஆண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். இழுவை குறைந்த வில்லுக்கு அந்தத் தண்டு விறைப்பாக இருந்தால் முனையைக் கூட்டிக்கொள்ளலாம். பேராக் பக்கம் என்றால் எனக்கு எழுதுங்கள், எங்கள் திடலில் அந்த அளவில் மூன்று பிள்ளைகள் இப்போது இரவல் அம்பில்தான் பழகுகிறார்கள், நியாயமான வெள்ளி கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.