காப்ளின் சுறா பொம்மை: தாடை உள்ளேயா, வெளியேயா?

மகளின் கண்காட்சிக்குக் களிமண்ணில் காப்ளின் சுறா (goblin shark என்ற ஆழ்கடல் சுறா) செய்கிறீர்கள்; ஒரு படத்தில் தாடை துருத்திக்கொண்டிருக்கிறது, இன்னொன்றில் இல்லை, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். தாடையை உள்ளே வையுங்கள். நீந்தும்போது அப்படித்தான் இருக்கும். அந்தக் கோரமான படங்கள் பெரும்பாலும் வலையில் சிக்கி இறந்த சுறாக்களுடையவை. பாவம், அதன் இயல்பான முகம் அதுவல்ல.

இரை பக்கத்தில் வந்தால் மட்டும், இழுத்துவிட்ட ரப்பர் பேண்ட் மாதிரி தாடை முன்னால் பாயும். வேகம் நொடிக்கு 3.1 மீட்டர், தூரம் உடல் நீளத்தில் சுமார் 9 சதவீதம். உடம்பு தொளதொளவென்று இருப்பதால் துரத்திப் பிடிக்க அதனால் ஆகாது, இந்தப் பாய்ச்சல்தான் கைகொடுக்கிறது. முன்பற்களை ஊசிபோல் மெல்லிசாக, நீளமாகச் செய்யுங்கள். தட்டையான நீண்ட மூக்கின் அடியில் குண்டூசியால் நிறையப் புள்ளிகள் குத்திவிடுங்கள். இரையின் மெல்லிய மின்துடிப்பை அது உணர்வது அந்த நுண்துளைகளால்தான்.

நிறம் வெளிர் இளஞ்சிவப்பு. தோலின் சாயமல்ல அது, உள்ளிருக்கும் இரத்தக்குழாய்கள் தோல் வழியே தெரிவது. இறந்தபின் பழுப்பாகிவிடும். அதனால் பாடம் செய்து வைத்த உடலின் படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டாதீர்கள்.