நேட்டோவில் வேலை கிடைக்காது. பிறகு எதற்கு இந்தப் படிப்பு?

ஐயா, உங்கள் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு. ஐரோப்பாவில் டிரான்ஸ் அட்லாண்டிக் ஸ்டடீஸ் எம்.ஏ. சேர வேண்டும் என்கிறார். உங்களுக்குப் பெயரே பிடிபடவில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரம் இருக்கட்டும். கன்சல்டன்சி கொடுத்த கையேட்டை எடுங்கள். 'நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா.வில் வேலைவாய்ப்பு' என்று ஒரு வரி இருக்கும். முதல் இரண்டையும் பேனாவால் அடித்துவிடலாம். அமெரிக்க-ஐரோப்பிய ராணுவக் கூட்டணியான நேட்டோவில் வேலைக்கும் சரி, பயிற்சிக்கும் சரி, அதன் 32 உறுப்பு நாடுகளின் குடிமக்களைத்தான் எடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தரப் பணிக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் ஐந்து மாத 'புளூ புக்' பயிற்சிக்கு இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் வெளிநாட்டவருக்கான இடங்கள் சொற்பம். ஐ.நா. எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அங்கேயும் எம்.ஏ. முடித்த கையோடு யாரும் கூப்பிட்டு வேலை கொடுப்பதில்லை. அனுபவமும் இன்னொரு மொழியும் கேட்பார்கள்.

அப்படியானால் எதற்கு இந்தப் படிப்பு? அதில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தால்தான் பதில் தெரியும்.

வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒன்றையொன்று எப்படி வளர்த்தன, எதில் முட்டிக்கொள்கின்றன என்பதுதான் பாடம். 1948இல் போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டம், 1949இல் நேட்டோ என்று தொடங்கி ராணுவம், வணிகம், சட்டம், பண்பாடு எனக் கிளை பிரியும். பண்பாடு என்றதும் ஆட்டம் பாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் உதாரணம்: 1946 மே மாதம் அமெரிக்கா பிரான்சின் போர்க்கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து புதுக் கடனும் கொடுத்தது. அதோடு சேர்ந்து கையெழுத்தானது ஒரு சினிமா ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு 13 வாரம்; அதில் நான்கு வாரம் மட்டும் திரையரங்குகளில் பிரெஞ்சுப் படங்களுக்கு, மிச்சம் திறந்த சந்தை. ஹாலிவுட் உள்ளே புகுந்தது, பிரெஞ்சுத் திரைத்துறையினர் தெருவில் இறங்கினார்கள், 1948இல் நான்கு வாரம் ஐந்தானது. இதே சண்டை 1993இல் உலக வணிகப் பேச்சுவார்த்தையில் திரும்ப வெடித்தது: சினிமா சரக்கா, பண்பாடா? இலக்கியம் படித்த பிள்ளைக்கு உள்ளே நுழைய நல்ல வாசல் இது. படத்தை வாசிக்க அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தின் ஷரத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

அந்த ஷரத்து வாசிப்புக்குத்தான் சந்தையில் காசு. ஐரோப்பியர்களின் தனிப்பட்ட தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வகைசெய்த ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஒரு முறையும், அதற்குப் பதிலாக வந்ததை 2020இல் இன்னொரு முறையும் ரத்து செய்தது. 2023இல் மூன்றாவது ஏற்பாடு வந்தது. சென்னை ஓ.எம்.ஆரில் ஐரோப்பிய வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் கம்பெனிக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. 2020 தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவுக்குத் தரவு அனுப்பும் ஒப்பந்தங்களையும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி: இறக்குமதியாகும் பொருளைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு விதிப்பது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் அதில் அடக்கம்; எஃகு போல்ட், நட்டுகூட. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து காசு வைக்க வேண்டிய கட்டம். இவற்றோடு பொருளாதாரத் தடைப் பட்டியல் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவுப் பாதுகாப்பு, வணிக இணக்கம், தடைப் பரிசோதனை ஆகிய மூன்றும்தான் இந்தப் படிப்புக்குச் சோறு போடக்கூடிய வேலைகள். கையேட்டில் இவை இருக்காது; படத்தில் போட அழகாக இல்லை போலும்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் பாடப் பட்டியலைப் பாருங்கள். வணிகச் சட்டம், தரவு ஒழுங்குமுறை, புள்ளியியல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது இலக்கிய எம்.ஏ.வின் இன்னொரு வடிவம். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அதுவும் சரிதான், கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு அல்ல.

போலந்தின் கிராகோவில் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம் இந்தப் பெயரிலேயே எம்.ஏ. நடத்துகிறது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஆய்வு மையமும், பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தின் ஜான் எஃப். கென்னடி நிறுவனமும் நெருங்கிய துறைகள். அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவில் முடியும் இரு கண்டப் படிப்புகளும் உண்டு. அவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை பார்க்கும் அனுமதி இந்தத் துறைக்கு 12 மாதம்தான். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்குப் பொதுவாகக் கிடையாது. அந்த 12 மாதத்துக்கும், அமெரிக்க மண்ணில் எவ்வளவு காலம் முழுநேரமாகப் படித்தார் என்ற கணக்கு உண்டு. சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் படித்து முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் கிடைக்கும், போலந்தில் ஒன்பது மாதம்.

இனி மதிப்பெண். ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சி. கணக்கு இதுதான்: உச்ச மதிப்பெண்ணில் இருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 70 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 2.5 வரும். அதே 70, தேர்ச்சி 50 என்று போட்டால் 2.8. பல இடங்களில் 2.5தான் வாசல்படி. தேர்ச்சி மதிப்பெண் எங்கும் அச்சாகாத மார்க் ஷீட்டால் வாய்ப்பு கைவிட்டுப் போவது இப்படித்தான். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் மதிப்பெண் முறை விளக்கக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ்; பட்டமும் மதிப்பெண்ணும் உண்மையானவை என்று ஜெர்மன் தூதரகப் பிரிவு சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்கு இந்தியர்களிடம் இதைக் கேட்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே கேட்கும். வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், மற்ற வேலைகளுக்கு முன் இதைத் தொடங்க வேண்டும்.

நோக்கக் கடிதம்தான் எங்கள் கைக்கு வருபவற்றில் அதிகம் சொதப்புவது. 'சிறு வயது முதலே உலக அரசியலில் ஆர்வம்', 'நாடுகளிடையே பாலமாக விளங்க விரும்புகிறேன்' போன்ற வரிகளைத் தேர்வுக் குழு தாண்டிப் போய்விடும். அதே இடத்தில் 'பிரெஞ்சு சினிமா ஒதுக்கீட்டுக்கு அன்று சொன்ன காரணம் இன்றைய ஸ்ட்ரீமிங் தளங்களுக்கும் பொருந்துமா?' என்று ஒரு கேள்வி, அதை அங்குள்ள எந்தப் பாடத்தில் தொடரப் போகிறார் என்று ஒரு வரி. இவ்வளவு இருந்தால் நின்று படிப்பார்கள். முன்பு எழுதிய கட்டுரை ஒன்றை மாதிரிக்குக் கேட்கும் இடங்களும் உண்டு. நம் பி.ஏ.வில் அடிக்குறிப்போடு 12 பக்கம் எழுதிய பழக்கம் பெரும்பாலும் இருக்காது. இந்த செமஸ்டர் புராஜெக்டையே அப்படி எழுதச் சொல்லுங்கள். மொழியும் இப்போதே தொடங்கட்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், பகுதிநேர வேலையும் பின்னால் நிரந்தர வேலையும் ஜெர்மன் தெரிந்தவருக்கே சுலபம். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் பி1 என்ற இடைநிலை வரை முடித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

மகளின் மனதில் இருப்பது தூதர் பதவி என்றால் கதையே வேறு. ஐ.எஃப்.எஸ். எனும் இந்திய வெளியுறவுப் பணிக்கு வழி யூ.பி.எஸ்.சி. தேர்வுதான். எந்தப் பட்டமும் போதும், இந்த எம்.ஏ. தேவையில்லை. பொதுப்பிரிவில் 32 வயது, ஆறு முயற்சி என்பதால், வெளிநாட்டில் செலவாகும் இரண்டு ஆண்டையும் அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். டெல்லி ஜே.என்.யூ.வில் ஐரோப்பிய ஆய்வு மையமும், கனடா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆய்வு மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, செலவும் மிகக் குறைவு.

இப்போது பத்திரம். 'ஜெர்மனியில் இலவசம்' என்பது பாதி உண்மை. பெர்லினில் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். ஹைடல்பர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. எங்கே சேர்ந்தாலும் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 11.9 லட்சம். அது போய்விடும் பணம் அல்ல, மாதம் 992 யூரோவாக மகள் கைக்கே செலவுக்கு வரும். இரண்டாம் ஆண்டுக்கும் இதே அளவு தேவைப்படும். வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல்தான் சொத்து அடமானம் கேட்கின்றன. முடக்கக் கணக்குப் பணத்தில் பெரும்பகுதியைச் சேமிப்பிலிருந்து போட்டு, கடனை அந்த வரம்புக்குள் நிறுத்த முடிந்தால் அனுப்புங்கள். வீட்டை வைத்தால்தான் முடியும் என்றால் ஓராண்டு தள்ளிப் போடுங்கள். அந்த ஆண்டில் ஜெர்மன் பி1, ஒரு நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்புப் பிரிவில் தொடக்கநிலை வேலை, அடுத்த சுற்று விண்ணப்பம் என மூன்றும் நடக்கும்.