முயலின் பிடரியில் வெள்ளைப் பொடுகு: நாய் மருந்தைத் தொடாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். மூத்ததற்கு ஏழு வயது, எடை 1.8 கிலோ. ஒரு மாதமாக அதன் பிடரியிலும் வாலுக்கு மேலேயும் வெள்ளைப் பொடுகு. அதைத் தூக்கும் என் முன்கையில் அரிக்கும் சிவப்புத் தடிப்புகள். தெரிந்தவர் நாய்க்குப் போடும் உண்ணிச் சொட்டு மருந்து தந்திருக்கிறார். போடலாமா? குளிப்பாட்டினால் போகுமா?

பதில்: அந்த மருந்து வேண்டவே வேண்டாம். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் இருப்பது ஃபிப்ரோனில். அது முயலுக்கு நஞ்சு: தீனி எடுக்காமல் சோர்ந்துபோகும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கழுத்துப்பட்டை, ஸ்பிரே எதுவும் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

குளிப்பாட்டலும் வேண்டாம். முயலுக்கு அது பெரும் கலவரம். நம் ஊர் ஈரப்பதத்தில் அடிமுடி லேசில் காயாது, தோல் புண்ணாகும். உண்ணியும் சாகாது.

நீங்கள் சொல்வது செய்லெட்டியெல்லா என்ற முடி உண்ணி போலத்தான் இருக்கிறது. கைத் தடிப்பு அதற்கு வலுவான தடயம். வெறும் முடி உதிர்வாக இருந்தால் உங்களுக்கு அரிக்காது. வீட்டிலேயே பார்க்கலாம். கறுப்புத் தாளை விரித்து, பிடரி முடியை நுண்பல் சீப்பால் அதன்மேல் வாருங்கள். டார்ச் அடித்து ஓரிரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சில துகள்கள் தாமாக நகர்ந்தால் அது பொடுகல்ல, உண்ணி. பிறகு ஒளிபுகும் ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்ப்பார். எதுவும் அகப்படாவிட்டாலும் உண்ணி இல்லை என்று ஆகிவிடாது; படர்தாமரையும் இப்படித் தோன்றலாம்.

காதையும் பாருங்கள். உள்ளே பழுப்புப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் அது வேறு வகை, காது உண்ணி. பொருக்கைப் பெயர்க்காதீர்கள், அடியில் பச்சைப் புண், கடுமையாக வலிக்கும். மருந்து வேலை செய்ததும் தானாக உதிரும்.

சிகிச்சைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் செலமெக்டின் சொட்டு மருந்து தருவார்கள், அல்லது ஐவர்மெக்டின் ஊசி போடுவார்கள். செலமெக்டின் வழக்கமாகக் கிலோவுக்கு 6 முதல் 18 மி.கி. உங்கள் முயலுக்கு அது 11 முதல் 32 மி.கி. வரும். பூனைக்கான 45 மி.கி. குழாயை முழுதாகக் கவிழ்த்தால் கணக்கு மீறிவிடும். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எடையைச் சமையலறைத் தராசில் அன்றே போட்டுச் சொல்லுங்கள். முடியை விலக்கி, நாக்கு எட்டாத பிடரியில், தோலிலேயே படும்படி விட வேண்டும். காயும்வரை மற்ற முயல் நக்காமல் பிரித்து வையுங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. முடியில் ஒட்டிய முட்டைகளை மருந்து கொல்லாது. முட்டை பொரிந்து வளர்ந்து மீண்டும் முட்டையிட மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். மருந்து அந்தச் சுற்றைத் தாண்ட வேண்டும். அதனால் பொடுகு மறைந்தாலும் சொன்ன தேதியில் அடுத்த வேளையைப் போடுங்கள். இளைய முயலுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

உண்ணி முயலை விட்டு இறங்கியும் பத்து நாள் வரை பிழைக்கும். துணிவிரிப்பை 60 டிகிரி நீரில் துவையுங்கள், அட்டைப்பெட்டியை வீசுங்கள், கூண்டு மூலைகளை வேக்குவம் செய்யுங்கள். புதிய ஹேயை (முயல் தின்னும் உலர்புல்லை) இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் அதன்வழி வருவதும் குறையும். மனிதத் தோலில் இது பெருகாது. முயல் தேறியதும் உங்கள் தடிப்பும் அடங்கிவிடும்.

எல்லாக் கிளினிக்கிலும் முயல் பார்ப்பதில்லை, முதலில் போன் செய்து கேளுங்கள். போகும்போது பல்லையும் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமான முயல் நக்கியே உண்ணியைக் கட்டுக்குள் வைக்கும். ஏழு வயது முயலுக்குப் பிடரியிலும் வால் பக்கமும் மட்டும் பொடுகு சேர்கிறதென்றால், பல் வலியாலோ மூட்டு வலியாலோ அதனால் திரும்பி நக்க முடியவில்லையோ என்று பார்க்க வேண்டும்.