காந்தப் படலம் படித்தால் சோறு கிடைக்குமா? திருமங்கலத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மகளோடு வந்திருந்தீர்கள். "காந்தம், படலம்னு என்னமோ சொல்றா சார். இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம், பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை தன் போனில் ஒரு படம் காட்டினாள், கவனித்தீர்களா? கோடை விடுமுறையில் இந்தூருக்குப் பயிற்சிக்குப் போனபோது எடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தயக்கக் கண்ணிகள். வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது பொருளின் காந்தம் எப்படித் தயங்கித் தயங்கி மாறுகிறது என்று காட்டும் மூடிய வளைகோடுகள் அவை. ஒன்று பெட்டி மாதிரி சதுரமாக இருந்தது, மற்றது சாய்ந்து ஒல்லியாகக் கிடந்தது. இரண்டும் ஒரே இரும்புப் படலம்தான். படலம் என்றால் மிக மிக மெல்லிய பூச்சு. லேசர் ஒளியை அதன்மேல் பட்டுத் திரும்பவிட்டு அளந்திருக்கிறார்கள். காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசை கொஞ்சம் மாறும், அதை வைத்துக் காந்தத்தை அளக்கலாம். 1877-இல் ஜான் கெர் கண்டுபிடித்த விளைவு அது. அளந்த பிறகு படலத்தை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடியும் அளந்தபோது வேறு பொருள் மாதிரி நடந்துகொண்டது. "ஏன் சார் இப்படி?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நம்பித்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் புஞ்சையை உழுது போட்டிருப்பார்கள். சால் வழியே நடந்தால் கால் தன்பாட்டில் போகும். குறுக்கே நடந்தால் ஏறி ஏறி இறங்க வேண்டும். அவள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். சிலிக்கான் வில்லையை வெற்றிடத்தில் வைத்து, ஆர்கான் அயனிகளைச் சாய்வாக அடித்தால் பரப்பில் வரிவரியாகச் சால் விழும். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையே சில பத்து நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஆயிரம் சாலுக்கு மேல் அடங்கும். அதன்மேல் மெல்லிசாக இரும்பைப் படியவிட்டால் படலமும் அதே நெளிவை வாங்கிக்கொள்ளும். காந்தம் சாலின் நீளவாக்கில் சுலபமாக நிற்கும். குறுக்கே நிற்கச் சொன்னால் மேட்டின் ஒரு சரிவில் வடதுருவமும் மறு சரிவில் தென்துருவமும் முளைத்து, ஆற்றல் கூடிவிடும். அதனால் முரண்டு பிடிக்கும். இப்படித் திசைக்குத் திசை குணம் மாறுவதைத்தான் காந்தத் திசைச்சார்பு என்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. படிகத்தைக் கொஞ்சம் சாய்வாக வெட்டினால், வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரி அதன் பரப்பில் படிக்கட்டு வரும். ஒவ்வொரு படியும் ஓர் அணு உயரம். படி விளிம்பில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கம் அக்கம்பக்கத்தார் கிடையாது, அதனால் அதன் காந்தக் குணமும் மாறுகிறது. வெள்ளிப் படிகள்மேல் இரும்பை வளர்த்தால் காந்தம் படிக்கு இணையாக நிற்க விரும்புகிறது. அதே இரும்பை டங்ஸ்டன் படிகள்மேல் வளர்த்தால் குறுக்கே நிற்க விரும்புகிறது! உங்கள் மகளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது இந்த மாதிரிக் கேள்விதான்.

இதற்குப் பயன் என்ன என்றால், வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கையே சொல்லலாம். அதில் கோபால்ட் கலவைப் படலத்தின் காந்தம் தட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காகக் கீழே ருத்தேனியம் அடுக்கு ஒன்றைப் போட்டு, மேலே வளரும் படிகங்களை நிமிர்த்துகிறார்கள். காந்தப் படலங்களை அடுக்கினால், அவற்றின் காந்தத் திசை மாறும்போது மின்தடை பெரிதாக மாறும். 1988-இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் என்ற இயற்பியலாளர்கள் கண்ட இந்த விளைவுக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குள் அந்த விளைவுதான் போனது.

சரி, வேலைக்கு வருவோம். "காந்தப் படலத்துக்கு ஆள் தேவை" என்று நம் ஊர்ப் பேப்பரில் விளம்பரம் வராது. அதை மறைக்க எனக்கு மனசில்லை. ஆனால் வேலை தருகிறவர் ஆய்வுத் தலைப்பைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை, கைப்பழக்கத்தைப் பார்க்கிறார். வெற்றிடக் கருவியைப் பழுது பார்த்து ஓட்டுவது, நானோமீட்டர் கணக்கில் படலம் போடுவது, பரப்பை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்து அளப்பது எல்லாம் சிப் ஆலை, சோலார் தகடு, லென்ஸ் பூச்சு, கல்பாக்கம் போன்ற ஆய்வு மையங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டும். நான் இந்தப் படிப்பை ஆதரிப்பதற்குக் காரணம் இதுதான்.

"முதலில் பி.எட். முடிக்கட்டும்" என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பி.எட். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். எம்.எஸ்ஸி.க்கு அப்புறம் படித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வையும் சேர்த்தே எழுதலாம். இப்போது அவள் எழுத வேண்டியது ஜாம் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், முந்தைய வருடக் கடைசிக்கு முன்பே விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எம்.எஸ்ஸி. இடங்களுக்கு அதுதான் வாசல். அது சரியாக வராவிட்டால் நாகமலைப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். எம்.எஸ்ஸி. முடிக்கும்போது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. ஐந்து வருடம் ஆகலாம், ஆனால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது. பிஎச்.டி.க்கு அப்புறம் நிரந்தர வேலைக்கு இன்னும் சில வருடம் அலைய வேண்டி வரும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்தக் கணக்கை மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. நான் அனுப்பிய பையன் ஒருவன் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தான். படலம் போடும் கருவியின் பம்ப் பழுது, ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது. சேரும் முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த ஒன்றரை வருடம் இன்னும் என் மனசில் உறுத்துகிறது. அதனால் எங்கே சேர்ந்தாலும், கருவி ஓடுகிறதா, கடைசியாக எப்போது படலம் போட்டார்கள் என்று அங்கே இருக்கும் மூத்த மாணவர்களிடம் அவள் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், சாதிச் சான்றிதழும், வருமானச் சான்றிதழும் வேண்டும். அவள் அப்பாவையும் கூட்டிவாருங்கள். அந்த இரண்டு கண்ணிகளை அவரிடம் அவளே விளக்கட்டும்.