எடிட்டிங்குக்கும் கலர் கிரேடிங்குக்கும் ஏற்ற கோடெக் எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மிரர்லெஸ் கேமராவில் 4கே, எச்.265, 10 பிட், 4:2:2 என்று பதிந்த காட்சிகள் பிளேயரில் ஒழுங்காக ஓடுகின்றன. எடிட்டிங் டைம்லைனில் வைத்தால் மட்டும் திணறுகின்றன. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் ஏன் இப்படி?

பதில்: எச்.264, எச்.265 ஆகிய கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறைகள்) குறைந்த இடத்தில் நிறையப் பதிவதற்காக உருவானவை. சில ஃபிரேம்களை மட்டும் முழுமையாகப் பதிந்துவிட்டு, இடையில் வருபவற்றில் மாறிய பகுதிகளை மட்டும் இவை குறித்துவைக்கின்றன. வரிசையாக ஓடும்போது இதனால் தொல்லை இல்லை. நீங்கள் டைம்லைனில் நடுவே ஓரிடத்தைத் தொடும்போதோ, பின்னோக்கி ஓட்டும்போதோ, முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால்தான் கணினி திணறுகிறது.

கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை விலையைவிட, வண்ணத் தகவல் எவ்வளவு பதிகிறது என்பதைக் குறிக்கும் 4:2:2 என்ற அந்த எண்தான் முக்கியம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகள் 4:2:2 வீடியோவை வன்பொருளில் விரிப்பதில்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி, எச்.265 4:2:2 10 பிட் காட்சிகளை விரித்துவிடும். ஆனால் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களில் அந்தப் பகுதி இயங்காது. கொஞ்சம் காசு மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு எடிட்டிங்கில் அவதிப்படுபவர்கள் பலர். புதிய கருவி வாங்காமல் சமாளிக்க வேண்டுமென்றால், ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் எடை குறைந்த நகல்) உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 8 பிட் எச்.264 காட்சிகளை, எடிட்டிங்குக்கான ஆப்பிளின் ப்ரோரெஸ் 422 எச்க்யூ கோடெக்குக்கு மாற்றிவிட்டால், நிறத்தைச் சீரமைக்கும் கிரேடிங்கில் கூடுதல் தரம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1024 படிகள். கேமரா 256 படிகளில் பதிந்ததை 1024 படிகள் கொள்ளும் கோப்புக்குள் மாற்றினாலும், இடைப்பட்ட படிகள் புதிதாக முளைப்பதில்லை. வண்ணத் தகவலும் அப்படித்தான்: 4:2:0 பதிவில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு வண்ண மாதிரிதான் இருக்கும், எந்த மாற்றமும் அதை மீட்டுத் தராது. மேலும், கிரேடிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் எந்தக் கோப்பைத் திறந்தாலும் உள்ளே மிகத் துல்லியமான 32 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கில்தான் வேலை செய்கிறது. ஆகவே துல்லியத்துக்காக முன்கூட்டியே மாற்றுவதற்கும் அவசியம் இல்லை.

மாற்றுவதால் கிடைப்பது வேகம். அதோடு, ஒரே காட்சி விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவுக்குப் போய்த் திரும்பி வருவது போன்ற இடங்களில், ஒவ்வொரு முறை பதியும்போதும் தரம் தேயாமல் இருக்கும்.

சோனியின் எஸ்-லாக்3 போன்ற லாக் முறையில் 8 பிட்டில் எடுத்தவர்களுக்குத்தான் இதில் இழப்பு அதிகம். லாக் முறை பரந்த வெளிச்ச வீச்சை நெருக்கிப் பதிகிறது. கிரேடிங்கில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும்போது நெருக்கமாக இருந்த படிகள் விலகி, மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியத் தொடங்கும். வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் சீப்பின் பற்களைப் போல இடைவெளிகள் தெரியும். கேமராவில் 8 பிட் மட்டுமே உண்டு என்றால், லாக்கைத் தவிர்த்து, மிதமான கான்ட்ராஸ்ட் உள்ள ப்ரொஃபைலை (கேமராவின் வண்ண அமைப்பை) தேர்ந்து, ஒயிட் பேலன்ஸைப் படப்பிடிப்பிலேயே சரியாக அமைத்துவிடுவதே என் பரிந்துரை.

கேள்வி: விண்டோஸ் கணினியில் வேலை செய்கிறேன். ப்ரோரெஸ், அவிட் நிறுவனத்தின் எடிட்டிங் கோடெக்கான டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டில் எதைத் தேர்வது?

பதில்: ஒரே தரநிலையில் ஒப்பிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் மென்பொருள் எதை எழுதுகிறதோ, அடுத்து கோப்பைப் பெறுபவர் எதைக் கேட்கிறாரோ, அதுவே போதும். பெயர்களில் மட்டும் ஏமாறக் கூடாது. ப்ரோரெஸ் 422 குடும்பம் முழுவதும், ப்ராக்ஸி உட்பட, 10 பிட். டிஎன்எக்ஸ்எச்ஆரில் எஸ்க்யூ, எச்க்யூ என்ற தரநிலைகள் 8 பிட்தான். 10 பிட் காட்சிகளுக்கு எச்க்யூஎக்ஸ் வேண்டும். எச்க்யூ என்றாலே உயர்தரம் என்று நம்பி 10 பிட் லாக் காட்சிகளை அதற்கு மாற்றினால், கேமராவுக்குக் கொடுத்த காசு வீண்.

இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யூஎச்டி (4கே) அளவில், விநாடிக்கு 25 ஃபிரேமில், ப்ரோரெஸ் 422 எச்க்யூ விநாடிக்குச் சுமார் 737 மெகாபிட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 330 ஜிபி. எச்க்யூ இல்லாத சாதாரண ப்ரோரெஸ் 422 சுமார் 492 மெகாபிட். பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே தாராளம்.

கேள்வி: ப்ராக்ஸியிலேயே கிரேடிங்கையும் முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. வெட்டுவதற்கு 1080 அளவிலான ப்ரோரெஸ் ப்ராக்ஸி போதும். 25 ஃபிரேமில் மணிக்கு 17 ஜிபி அளவில் அடங்கிவிடும். ஆனால் இருளில் உள்ள நாய்ஸ், முகத்தின் தோல் நிறம், பச்சைத் திரையின் விளிம்பு ஆகியவற்றை அசல் கோப்பில் மட்டுமே மதிப்பிட முடியும். அசலுக்குத் திரும்ப இணைக்கும்போது சிக்கல் வராமலிருக்க, கோப்பின் பெயர், டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்குமான நேர எண்), ஃபிரேம் வேகம், ஆடியோ சேனல்களின் எண்ணிக்கை ஆகியவை ப்ராக்ஸியிலும் மாறாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த காட்சியில் போகப்போக உதட்டசைவும் ஒலியும் விலகுகின்றன. கோடெக்தான் காரணமா?

பதில்: இல்லை. பெரும்பாலான கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைக்காமல் சற்றே கூட்டியும் குறைத்தும் பதிகின்றன; எடிட்டிங் மென்பொருளோ நிலையான வேகத்தை எதிர்பார்க்கிறது. டைம்லைனில் சேர்ப்பதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் ‘நிலையான ஃபிரேம் வேகம்’ என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொண்டால் விலகல் நின்றுவிடும். அப்போது தர அளவை உயர்வாகவே வையுங்கள்.